பழைய பிக்கப்பில் புது எஞ்சின்: எங்கெல்லாம் சறுக்குகிறது

பழைய சின்ன பிக்கப்புகள் பலவற்றுக்கு உடம்பு இன்றும் திடமாகவே இருக்கும். தடித்த சேசிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், கழற்றிப் பூட்ட எளிதான முன்பகுதி. தளர்ந்துபோவது எஞ்சின்தான். பத்துப் பதினைந்து வருடம் பிந்தி வந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உள்ளே இறக்கிவிடலாம் என்று ஆசை வருவதில் தப்பில்லை. 2.4 லிட்டர் 22ஆர் கார்புரேட்டர் எஞ்சினோடு வந்த 1980களின் டொயோட்டா பிக்கப்பில், அடுத்த தலைமுறையின் 2.7 லிட்டர் 3ஆர்இசட் எஞ்சினை ஏற்றுவது பல நாடுகளில் செய்து பழகிய வேலை. நூறு குதிரைசக்தியை ஒட்டி இருந்தது நூற்றைம்பதை ஒட்டி வருகிறது.

ஆனால் இப்படி ஆரம்பித்து, பானெட் இல்லாமல் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டிகளும் ஏராளம். எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்குவது ஒரு நாள் வேலை. அதைச் சுற்றி இருக்கிற ஒயர், பெட்ரோல், தண்ணீர், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் ஆகியவைதான் மாதக்கணக்கில் இழுக்கும். அந்த இழுவையில் பெரும்பகுதி, எஞ்சினை வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது.

குதிரைசக்தியைப் பார்த்து எஞ்சின் தேர்வது

எஞ்சினின் சக்தி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் அதன் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். சம்பின் ஆழமான பகுதி சில எஞ்சின்களில் முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். உங்கள் வண்டியின் குறுக்குச் சட்டமோ, ஸ்டியரிங் தண்டோ, நான்கு சக்கர ஓட்டம் என்றால் முன் ஆக்சிலோ, சரியாக அந்த இடத்தில் குறுக்கே நிற்கும். சம்பை வெட்டி ஒட்டலாம். ஆனால் உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாயும் அதற்கேற்ப மாற வேண்டும். குழாயின் வாய்க்கும் சம்பின் அடிக்கும் உள்ள இடைவெளி தவறினால், முதல் ஏற்றத்திலேயே ஆயில் விளக்கு எரியும். அதே எஞ்சின் வேறு வண்டி மாடலில் வேறு சம்போடு வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

அடுத்தது அகலமும் உயரமும். ட்வின் கேம், அதாவது தலையில் இரண்டு கேம் தண்டுகள் உள்ள எஞ்சினின் தலை பழைய எஞ்சினின் தலையைவிட அகலம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் ஷாஃப்டை ஒட்டி வரும், அல்லது பிரேக் மாஸ்டர் சிலிண்டரைச் சுடும். நின்ற நிலையில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது என்று திருப்திப்படக் கூடாது. ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ஒரு பக்கமாகத் திரும்பும். அந்த ஆட்டத்துக்கும் இடம் வேண்டும்.

இதையெல்லாம் தாளில் அளந்து முடிக்க முடியாது. உள்பாகம் எடுத்த காலி பிளாக்கும் கியர்பாக்ஸின் வெற்று உறையும் கிடைத்தால் அவற்றை வைத்து ஒத்திகை பாருங்கள். எடை குறைவு, ஏற்றி இறக்க எளிது. மவுன்ட் பிராக்கெட்டுகளை முதலில் பொட்டு வெல்டிங்கில் மட்டும் நிறுத்துங்கள். ரேடியேட்டர், ஸ்டியரிங், எக்ஸாஸ்ட், கியர் லீவர், பானெட் ஐந்தையும் வைத்துப் பார்த்த பிறகே முழு வெல்டிங். வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவையும் கழற்றி வைக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் மறப்பதும் அதைத்தான்.

எஞ்சினை மட்டும் வாங்குவது

இதுதான் பட்டியலிலேயே பெரிய தவறு. பட்டறைத் தரையில் கிடக்கும் வெறும் எஞ்சின் மலிவாகத் தெரியும். வாங்கி வந்த பிறகுதான் ஒயரிங் வேண்டும், அந்த ஒயரிங்குக்குப் பொருந்தும் இசியூ வேண்டும், காற்றளவு சென்சார் வேண்டும், ஆக்சிஜன் சென்சார் வேண்டும் என்று தொடங்கும். கேபிள் இல்லாத மின்னணு திராட்டில் என்றால் ஆக்சிலேட்டர் பெடலும் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இருந்தால் சாவி, சாவியைப் படிக்கும் வளையம், இசியூ மூன்றும் ஒரே ஜோடியாக வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றால் எஞ்சின் சுற்றும், பற்றாது. இப்படித் துண்டு துண்டாகத் தேடி வாங்கினால், இடிபட்ட முழு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

முடிந்தால் முழு வண்டியை வாங்குங்கள், அதுவும் ஓடும் நிலையில். எஞ்சினைக் கழற்றும் முன் ஸ்டார்ட் செய்து, புகையைப் பார்த்து, கம்ப்ரெஷன் அளந்து, நாலு கிலோமீட்டர் ஓட்டிக் கியர் விழுவதையும் பார்த்துவிடலாம். ஒயரிங்கை வெட்டாமல், ஒவ்வொரு கனெக்டருக்கும் பெயர் எழுதி ஒட்டி, படம் எடுத்து, முழுதாக உருவுங்கள். எது தேவையில்லை என்று பிறகு உட்கார்ந்து பிரிக்கலாம். வெட்டி எடுத்த ஒயரிங்கை மீண்டும் கோர்ப்பது போன்ற சலிப்பான வேலை கிடையாது.

புதிதாக இருந்தால் நல்லது என்று ரொம்பவும் பிந்திய மாடலுக்குப் போவதும் வம்பு. இன்றைய எஞ்சினின் இசியூ தனியாக யோசிப்பதில்லை. ஏபிஎஸ், டேஷ்போர்டு, பாடி கன்ட்ரோல் என்று வண்டி முழுவதோடும் கேன் எனப்படும் தகவல் வலையில் பேசிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் பதில் வராவிட்டால் சக்தியைக் குறைக்கும், இல்லை நின்றேவிடும். அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு ஓபிடி-2, அதாவது கோளாறை ஸ்கேனரில் படிக்கும் பொது ஏற்பாடு, கட்டாயமானது. அங்கேயே 2008 மாடல் முதல் அதற்குக் கேன் கட்டாயமானது. என் கருத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே, அதிலும் முதல் பாதியில் வந்த எஞ்சின்களே இந்த வேலைக்குத் தோதானவை. இன்ஜெக்ஷன் இருக்கும், கோளாறை ஸ்கேனரில் படிக்கலாம், திராட்டில் பெரும்பாலும் கேபிள்தான், இசியூவுக்கும் அதிகம் பேச்சுத்துணை தேவைப்படாது.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வலுக்கட்டாயமாக முடிச்சுப் போடுவது

புது எஞ்சினோடு வந்த கியர்பாக்ஸையே போடுங்கள். பழைய பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே வைத்துக்கொள்ள நினைத்தால் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு பூட்டும், கிளட்சை மூடும் உறை) போல்ட் துளைகள் ஒத்துப்போகாது, அடாப்டர் தட்டு வேண்டும். தட்டு கடைந்து வாங்குவது சுலபம். அது தரும் வினைகள்தான் பிறகு வரும். தட்டின் தடிமன் அளவுக்கு இன்புட் ஷாஃப்ட் பின்னால் தள்ளிப்போகிறது, அதன் நுனி கிராங்கில் உள்ள பைலட் பேரிங்கை எட்டாமல் போகலாம். கிளட்ச் ரிலீஸ் பேரிங்கின் தூரம் மாறுகிறது. செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலை முழுதாகக் கடிக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மையம். கிராங்கின் மையமும் பெல் ஹவுசிங் துளையின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தத் துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். முள் மொத்தமாக ஆடுவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அதைத் தாண்டினால் மையம் சற்று விலகிய ஆஃப்செட் டோவல் பின் போட்டுச் சரி செய்வார்கள். அளக்காமல் பூட்டினால் உடனே ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துக் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி உடையும், கியர் தானாக நழுவும், பெட்டியின் முன் பேரிங் கத்தும். எல்லோரும் கியர்பாக்ஸைத்தான் திட்டுவார்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் வேறொரு ஆபத்து. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளே முழுதாக அமராமல், போல்ட்டை இறுக்கியே பெட்டியையும் எஞ்சினையும் சேர்த்து இழுத்தால் ஆயில் பம்ப் நொறுங்கும். பெட்டி எஞ்சினோடு கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும். போல்ட்டுக்கு அங்கே இழுக்கும் வேலையே இல்லை.

கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் சீல், தண்ணீர் பம்ப், பெல்ட் இருந்தால் டைமிங் பெல்ட், இவற்றை எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

ஷாஃப்டின் கோணமும் கடைசி கியரும்

புதுப் பெட்டி நீளமாக இருந்தால் கியர் லீவர் சீட்டுக்கு அடியில் போய் நிற்கும், ஷாஃப்டையும் வெட்டிக் குறைக்க வேண்டிவரும். அளவை லேத் பட்டறைக்குச் சொல்லும் முன், வண்டி தன் சக்கரத்தில் தன் எடையோடு நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு உதவாது. ஸ்ப்லைன் முனை உள்ளே போகவும் வெளியே வரவும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், குழியில் விழும்போது கியர்பாக்ஸின் பின்புறத்தை அது குத்தக் கூடாது.

கோணத்தில் சூட்சுமம் இருக்கிறது. கியர்பாக்ஸின் வெளித்தண்டும் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் தண்டான பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் மடங்கும் கோணம் மூன்று டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. முழுக்க நேர்கோடாக, பூஜ்ஜியமாக வைப்பதும் தவறுதான். உள்ளே இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேய்ந்து குழி விழும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால், சக்கர பேலன்ஸிங்கை மூன்றாவது முறை செய்வதற்கு முன் கோணத்தை அளங்கள்.

பின் ஆக்சிலின் விகிதத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், ஆக்சில் விகிதம் 4.1 என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 794 முறை சுற்றுகிறது. கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த பழைய நான்கு கியர் பெட்டியில் எஞ்சின் 3,250ஐ ஒட்டி ஓடும். 0.85 ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர்) உள்ள ஐந்து கியர் பெட்டியில் அதே வேகத்துக்கு 2,770 போதும். பெட்ரோல் எஞ்சினுக்கு இது சுகமான இடம். 4,000த்தில் மூச்சு வாங்கும் டீசல் எஞ்சினை ஓவர்டிரைவ் இல்லாமல் இதே ஆக்சிலில் போட்டால் நெடுஞ்சாலையில் காது போய்விடும். நான்கு சக்கர ஓட்டம் என்றால், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட் வரும் பக்கமும் முன் டிஃபரன்ஷியல் இருக்கும் பக்கமும் ஒன்றா என்பதையும் பெட்டி வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

பழைய பெட்ரோல் லைனை நம்புவது

கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார் அழுத்தம் போதும். சாதாரண இன்ஜெக்ஷனுக்கு 3 முதல் 4 பார் வேண்டும், ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸும் திருகுக் கிளிப்பும் அதைத் தாங்காது. அது பீய்ச்சும் இடம் பெரும்பாலும் சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இன்ஜெக்ஷனுக்கென்று தரம் குறித்த ஹோஸையும் கிளிப்பையும் போடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். டேங்கில் தடுப்புத் தகடு இல்லாவிட்டால், பெட்ரோல் குறையும்போது வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சி எஞ்சின் திணறும். சின்ன இடைத் தொட்டி ஒன்று வைத்தால் தீரும். மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் வேண்டிய எஞ்சினா என்பதையும் பாருங்கள்.

சாவியும் எர்த்தும்

மின்சாரத்தில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது: செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது, சாவியை விட்ட கணத்தில் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கும். பம்ப், பிளக், சென்சார் என்று எல்லாம் மாற்றுவார்கள். விஷயம் இசியூவுக்கு மின்சாரம் எடுத்த இடத்தில் இருக்கும். ரேடியோ போன்றவற்றுக்குப் போகும் ஒயர், செல்ஃப் அடிக்கும்போது இறந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போதும் உயிரோடு இருக்கும் ஒயரைத்தான் ரிலேக்குக் கொடுக்க வேண்டும். பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன ஒயர் அப்படிப்பட்டதுதானே என்று அதை எடுத்தாலும் கவனம்: பல வண்டிகளில் அதில் தடை ஒயர் இருக்கும், முழு 12 வோல்ட் வராது. மீட்டரை வைத்து, சாவியின் எல்லா நிலைகளிலும், செல்ஃப் அடிக்கும்போதும் அளந்து பார்த்த பிறகே தொடுங்கள்.

இரண்டாவது எர்த். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ரப்பர்தான் இருக்கிறது. தடித்த எர்த் பட்டை போட மறந்தால், செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். அது ஆக்சிலேட்டர் கேபிளாகவோ கிளட்ச் கேபிளாகவோ இருக்கும். கேபிள் புகைந்து, உறை உருகி, இறுகிப்போகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போதவில்லை.

டேஷ்போர்டில் அம்மீட்டர் உள்ள பழைய வண்டி என்றால், சார்ஜ் மின்சாரம் முழுதும் அதன் வழியாகத்தான் போகும். 40 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனித் தடி ஒயரும் ஃப்யூஸும் போட்டு, அம்மீட்டரைக் கழற்றி வோல்ட் மீட்டர் வையுங்கள். வேக சென்சாரும் இங்கேயே வரும்: மீட்டர் கேபிளுக்கு ஒரு வழி, இசியூவுக்கு ஒரு சிக்னல். அந்தச் சிக்னல் இல்லாவிட்டால் சில எஞ்சின்கள் சாலைச் சந்திப்பில் வந்து நிற்கும்போதெல்லாம் அணைந்துபோகும்.

மிச்சம்

ரேடியேட்டரின் மூடி எஞ்சினின் உச்சியைவிடத் தாழ்ந்துபோனால் உள்ளே காற்று தங்கும், தெர்மோஸ்டாட் நேரத்துக்குத் திறக்காது. உயரத்தில் ஒரு நிரப்பு வாய் வையுங்கள். மின் விசிறிக்கு ஷ்ரவுட் (அதைச் சுற்றிய கூடு) கட்டாயம். பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறினால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் மேனிஃபோல்டிலிருந்து வராது, தனி வாக்குவம் பம்ப் வேண்டும். சக்தி கூடிய வண்டியில் பிரேக் பழசாகவே இருப்பது சரியில்லை. எஞ்சின் எண் ஆவணங்களில் ஏறும் இடங்களில், எதை ஏற்கிறார்கள், புகை விதி என்ன என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் வரும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை விட்டு விட்டுச் செல்ஃப் அடியுங்கள். அப்புறம் ஃப்யூஸைப் போட்டு, சாவியை ஆன் செய்து பம்ப் அழுத்தம் ஏறியதும், ஸ்டார்ட் செய்யாமலே ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் மவுன்ட், ஷாஃப்ட், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டாவது கால் சுற்று கொடுக்கும்.