பழைய ஸ்போர்ட்ஸ் காரின் துருவுக்கு வாரன்டி கேட்பது எப்படி?

வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால், இங்கே காருக்குத் துரு பெரிய தொல்லையாக இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் கைமாறும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பல சென்னையிலோ பெங்களூரிலோ முதல் சொந்தக்காரரிடம் ஓடி, பிறகு நெடுஞ்சாலை வழியே இங்கு வந்து வேலூர்க்காரர் பெயருக்கு மாறியவை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஆறேழு வருடம் நின்ற வண்டி, உப்புக் காற்றைத் தகட்டின் இடுக்குகளில் சேர்த்துக்கொண்டுதான் பாலாற்றைக் கடக்கிறது. துரு வெளியே தெரியும்போது வண்டி உங்கள் பெயரில் இருக்கும், சண்டையும் உங்களுடையதாகிவிடும்.

அந்தச் சண்டை பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிகிறது: துரு தகட்டின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது? ஏனெனில், கார் நிறுவனங்கள் துருவுக்கு நீண்ட வாரன்டி தருவதாகச் சொன்னாலும், வாரன்டி கையேட்டில் வழக்கமாக இருப்பது, உள்ளிருந்து அரித்து வெளியே ஓட்டை விழுந்தால் மட்டுமே பொறுப்பேற்போம் என்ற வாசகம்தான். கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பிடிக்கும் மேல்துருவும், விபத்துக்குப் பிறகு வெளியில் டிங்கரிங் செய்த பகுதியும், வெள்ளத்தில் நின்ற வண்டியும் அதில் சேராது. காலம் எண்ணப்படுவதும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. வண்டி முதல் முறை விற்பனையான அல்லது பதிவான நாளிலிருந்து. ஐரோப்பாவில் 12 ஆண்டு தருகிறார்களே என்று சிலர் வாதாடுகிறார்கள். இந்தியாவில் விற்ற வண்டிக்கு இந்தியக் கையேட்டில் அச்சானதுதான் செல்லும். அதனால் முதலில் அந்தக் கையேட்டைத் தேடி எடுத்து, வாரன்டி அடுத்த உரிமையாளருக்கும் தொடருமா, ஆண்டுதோறும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வண்டியின் பாடியைப் பரிசோதிக்கச் செய்து முத்திரை வாங்கியிருக்க வேண்டுமா என்ற இரண்டு வரிகளை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் நண்பர் ஒருவரின் இரண்டு இருக்கை கார் லிஃப்டில் ஏறியிருந்தபோது நானும் கீழே நின்று பார்த்தேன். பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டில், மிளகு அளவுக்கு நான்கு கொப்புளங்கள் இருந்தன. பெயின்ட் எங்கும் கிழியவில்லை, கல் பட்ட தழும்பும் இல்லை. மேஸ்திரி விரல் நகத்தால் மெல்ல அழுத்தியதும் ஒரு கொப்புளம் அப்பளம் போல நொறுங்கி, உள்ளிருந்து காப்பித்தூள் போன்ற துகள் கொட்டியது. அந்தப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்த துளை மண்ணால் அடைபட்டிருந்தது. உள்ளே தேங்கிய ஈரம் தகட்டைத் தின்று வெளியே வந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது; துளையைச் சுத்தம் செய்யாதது உரிமையாளரின் பராமரிப்புக் குறை என்று எதிர்த்தரப்பு சொல்லவும் இதே அடைப்பு இடம் கொடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. கல் பட்டு வந்த துரு இப்படி இருக்காது: நடுவில் ஒரு பள்ளம், அதைச் சுற்றி வட்டமாகப் பரவிய கறை, பின்பக்கத் தகடு கெட்டியாக இருக்கும்.

நண்பர் செய்த தவறு அடுத்த நாள் நடந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன் வண்டி பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அந்த இடத்தைத் தேய்த்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் பெயின்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்ததும், மற்ற இடங்களில் 120 மைக்ரான் காட்டிய கருவி அங்கே 600-ஐத் தாண்டியது. "வெளியில் வேலை பார்த்த பகுதி" என்று இரண்டு நிமிடத்தில் கோரிக்கையை நிராகரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கோரிக்கை முடியும் வரை துருவின் மேல் கை வைக்காதீர்கள். நாள் தெரியும்படி படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். கைபேசியில் செருகும் சிறு எண்டோஸ்கோப் கேமராவை வடிகால் துளை வழியாக விட்டு உள்பக்கத்தையும் பதிவு செய்யுங்கள்.

எல்லாத் தகடும் துருப்பிடிக்கும் தகடு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஆடி (Audi) டிடி ஸ்போர்ட்ஸ் காரின் உடலில் முன்பகுதி பெரும்பாலும் அலுமினியம், பின்பகுதியில் எஃகு. அலுமினியத்தில் சிவப்புத் துரு வராது. எஃகு போல்ட் தொடும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி கிளம்பும். கையேட்டில் "துரு" என்று இருக்கிறதா, எந்த உலோகம் அரிக்கப்படுவதையும் குறிக்கும் "அரிமானம்" என்று இருக்கிறதா என்பது அப்போது பெரிய வித்தியாசம்.

அடுத்ததாக, வண்டியின் பூர்வீகம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலோ சென்னையில் நின்ற வண்டியா என்று பார்க்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து விடுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வாரன்டி வாதம் அநேகமாக அங்கேயே முடிந்தது. அந்த நிலையில் உங்கள் வழக்கு நிறுவனத்தின் மீது அல்ல, உண்மையை மறைத்து விற்றவர் மீது.

கோரிக்கையை வாய்மொழியாக வைக்காதீர்கள். சர்வீஸ் சென்டரின் கவுன்டரில் சொன்னதற்கு மதிப்பில்லை. பழுது பதிவுச் சீட்டில் "உள்ளிருந்து அரித்த துரு" என்ற சொற்களை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறோம் என்று எழுதித் தரும்படி மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதுவும் பின்னால் பயன்படும்.

பேச்சு முறிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய வேலூர் மாவட்டத்துக்காரர்கள் தாங்கள் இப்போது வேலூரா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்; 20 முதல் 50 லட்சம் வரைக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

மனுவில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சட்டத்தில் "பொருள் பொறுப்பு" என்று ஓர் அத்தியாயம் உண்டு. பெயரைப் பார்த்துப் பலர் அதன் கீழ் கேட்கிறார்கள். ஆனால் அங்கே "தீங்கு" என்பதற்குத் தரப்பட்ட வரையறையில், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. எனவே பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற தலைப்புகளில் கேளுங்கள். வண்டியைத் தனி நபரிடம் வாங்கியிருந்தால், வாரன்டி வண்டியோடு செல்கிறது என்ற கையேட்டு வரியை மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். "எங்களிடம் இவர் வாங்கவில்லை" என்பதே நிறுவனத்தின் முதல் பதிலாக இருக்கும்.

தகட்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். அரிமானத்தை முக்கிய ஆய்வுத் துறையாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அங்கே அனுப்பும்படி மனுவிலேயே கேட்கலாம்.

வழக்கு நடக்கும்போது நிறுவனம் நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லக்கூடும். கெட்ட யோசனை அல்ல. ஆனால் கையெழுத்திடும் தாளில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று இருந்தால், அடுத்த கதவில் வரப்போகும் துருவையும் நீங்கள் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள். எந்தப் பகுதிக்கு மட்டும் என்று குறிப்பிட்டுத் திருத்தி வாங்குங்கள். பழுது பார்க்கும் நாளில் பட்டறையிலேயே நின்று, வெட்டியெடுத்த தகட்டைக் குப்பையில் போட விடாமல் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, சேசிஸ் எண்ணையும் தேதியையும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.