எடை மெஷினை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஞாயிறு மதியம் ஆம்பூர் பிரியாணி. திங்கட்கிழமை காலை எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடுதல். வேலூர்க் கோட்டையைச் சுற்றி மாதக்கணக்கில் நடந்தவர்கள்கூட அந்த ஒரு எண்ணைப் பார்த்து மனசு விட்டுப்போய் நடையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். அதுவும் அன்றாடச் செலவு போக மிச்சமாக. ஒரு வேளைச் சாப்பாட்டில் அது நடக்காது.

அப்படியானால் ஏறியது என்ன? பெரும்பகுதி தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு ஈடாக வைத்த அளவு அது. பிரியாணி, தால்சா, கத்திரிக்காய் எல்லாம் சேர்ந்து வழக்கத்தைவிட 4 கிராம் உப்பு கூடுதலாகப் போனால், அது சிறுநீரில் வெளியேறும்வரை உடம்பு 400 மில்லி தண்ணீரையாவது பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷினில் அது 400 கிராம். சோற்றின் மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே கூட்டி வரும். மீதி, குடலில் இன்னும் இருக்கும் சாப்பாடு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும்.

சோற்றை அடியோடு நிறுத்தியவர்களுக்கு முதல் வாரமே இரண்டு கிலோ குறைவதும் இதே கணக்குதான். போனதில் பெரும்பங்கு கிளைகோஜனும் தண்ணீரும். பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர்களுக்கு மறுநாள் எடை ஏறியிருக்கலாம். பழக்கமில்லாத நடையில் நொந்த தசை, ஆறும்வரை நீர் கோத்து வைத்திருக்கும். கத்திரி வெயிலில் நடந்து முடித்த கையோடு ஏறினால் ஒரு கிலோ குறைவாகக் காட்டும். அது வியர்வை, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். எண் குறைய வேண்டும் என்று வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைப்பவர்கள் தங்களுக்கே கெடுதல் செய்துகொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மெஷினைச் சோதிப்பது

டிஜிட்டல் மெஷினில் பெரும்பாலும் நான்கு காலிலும் எடையை உணரும் லோட் செல் இருக்கும். நான்கும் சமமாகத் தரையில் பதிய வேண்டும். நம் வீட்டு பாத்ரூம் தரை தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்டது, ஈரமும் அதிகம். மெஷினுக்கு அது சரியான இடமே அல்ல. ஹாலில் ஆடாத டைல்ஸ் அல்லது மொசைக் தரையில் ஓர் இடம் குறித்து, எப்போதும் அங்கேயே வையுங்கள். பாய், மிதியடி மேல் வேண்டாம்.

பிறகு அரிசி மூட்டைச் சோதனை. பிரிக்காத ஆரணி அரிசி மூட்டை ஒன்று போதும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோ மூட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. ஆகவே மேலே அச்சிட்ட எடையைப் பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 26-ஐ ஒட்டி வர வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் 10 கிலோ பையோடு செய்யலாம். எப்போதும் 300 கிராம் தள்ளிக் காட்டினால் கவலை இல்லை, அந்தத் தள்ளல் தினமும் ஒரே அளவாக இருந்தால் போதும். ஆனால் ஒன்று: பல மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்து, சிறு வித்தியாசம் இருந்தால் பழைய எண்ணையே மறுபடி காட்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் தண்ணீர்க் குடத்தோடு ஒருமுறை ஏறி இறங்கினால் அந்த நினைவு அழியும். அப்படி நான்கைந்து முறை பார்த்தும் அரைக் கிலோவுக்கு மேல் அலைந்தால், பேட்டரியை மாற்றுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் மெஷினை மாற்றுங்கள்.

எடை பார்ப்பதும் கணக்குப் போடுவதும்

காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, காபிக்கு முன், குறைந்த உடையில், தினமும். தினசரி எண்ணை எழுதி வையுங்கள், அதைக் கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் சராசரிதான் நமக்கு வேண்டியது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஓர் உதாரணம்:

முதல் வாரம்: 78.1, 78.4, 78.9, 78.2, 79.3, 78.7, 78.0. சராசரி 78.5.
அடுத்த வாரம்: 79.1, 78.5, 78.2, 77.8, 78.0, 77.9, 77.9. சராசரி 78.2.

திங்களுக்குத் திங்கள் மட்டும் பார்ப்பவருக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது. சராசரியில் 300 கிராம் இறங்கியிருக்கிறது. வாரத்துக்கு 300 கிராம் நல்ல வேகம்தான். ஆனால் நாளுக்கு நாள் ஒரு கிலோ ஆடும் எண்ணுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. பெண்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தை, போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த நாட்களில் நீர் கோப்பது இயல்பு.

டேப்பும் வேண்டும்

தையல்காரர் டேப் போதும்; துணி டேப் பழசானால் நீளும், இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பேன்ட் நிற்கும் இடத்திலோ, பாவாடை நாடா பதிந்த தடத்திலோ அளக்கக் கூடாது. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டு ஒரு புள்ளி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட கடைசியில் படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி, 15 நாளுக்கு ஒருமுறை. நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று கொள்கிறார்கள்.

நான்கு வாரம் சராசரி எடை அசையவில்லை, ஆனால் சுற்றளவு 2 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள். புதிதாக ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். இரண்டும் அசையவில்லை என்றால்தான் தட்டில் கை வைக்க வேண்டும். வெந்த சோறு 150 கிராம் சுமார் 200 கலோரி. தினமும் இரவில் அவ்வளவு குறைத்தால் கணக்குப்படி மாதத்துக்கு முக்கால் கிலோ.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின், பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தி, நீங்கள் பதிந்த வயது உயரத்தோடு சேர்த்து ஒரு மதிப்பீடு தருகிறது. உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் மாறிவிடும். அதைப் பார்க்காமலே இருக்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் தினசரி எண்ணே முக்கியம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் சராசரிக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.