ஓஎஸ்/2 டெஸ்க்டாப்: பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992இல் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 2.0 பதிப்புடன் வந்த வொர்க்பிளேஸ் ஷெல் என்ற டெஸ்க்டாப்பை இன்றும் புதிதாகப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஓஎஸ்/2இன் இன்றைய வாரிசான ஆர்க்காஓஎஸ் வாங்குகிறார்கள், சிலர் ஓஎஸ்/2இன் பழைய பதிப்பான வார்ப் 4 சிடியை விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஏற்றுகிறார்கள். மாட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும் மாறவே இல்லை. வலது பட்டனால் இழுப்பதெல்லாம் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும் என்பதால் அதைத் தாண்டிப் போவோம்.

டெஸ்க்டாப் டைரக்டரியை மட்டும் நகலெடுத்துவிட்டு ‘பேக்கப் ஆச்சு’ என்பது

அதிக நஷ்டம் தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான். டிஸ்க்கில் டெஸ்க்டாப் என்ற டைரக்டரி நிஜமாகவே இருக்கிறது. உள்ளே ஃபோல்டர்களும் தெரிகின்றன. அதை அப்படியே வேறு இடத்தில் போட்டு வைத்தால் போதாதா என்று தோன்றும். திருப்பிப் போடும்போது ஃபோல்டர்கள் வரும், ஆனால் உள்ளே இருந்த புரோகிராம் ஐகான் ஒன்றுகூட வராது.

காரணம் கிளாஸ் அமைப்பில், அதாவது ஷெல் தன் ஆப்ஜெக்ட்டுகளைப் பிரித்திருக்கும் வகைகளில் இருக்கிறது. ஃபைலும் ஃபோல்டரும் டபிள்யூபிஃபைல்சிஸ்டம் கிளாஸின் வழி வந்தவை, அதனால் டிஸ்க்கில் கிடக்கும். புரோகிராம் ஆப்ஜெக்ட் (புரோகிராம் ஐகான்), ஷேடோ (ஷார்ட்கட் போல மூலத்தைச் சுட்டும் ஐகான்), பிரிண்டர் எல்லாம் டபிள்யூபிஆப்ஸ்ட்ராக்ட் வழி வந்தவை. அவற்றுக்கு டிஸ்க்கில் ஃபைலே கிடையாது, ஓஎஸ்2.ஐஎன்ஐ என்ற பைனரி ஃபைலுக்குள் வெறும் பதிவுகளாக இருக்கின்றன. போதாததற்கு, ஒரு ஃபோல்டர் எந்த கிளாஸைச் சேர்ந்தது, அதன் ஐகான் எது என்பதெல்லாம் அதனோடு சேர்த்து வைக்கப்படும் கூடுதல் தகவலான எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டில் ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் பகிர்வு வழியாக நகலெடுத்தால் அதுவும் உதிர்ந்துபோகலாம்.

இதைத் தெரிந்துகொண்டவர் அடுத்த பள்ளத்தில் விழுவார்: ஓஎஸ்2.ஐஎன்ஐயை மட்டும் பழைய நகலிலிருந்து மீட்பார். ஃபைல்களை ஷெல் எண்களால் நினைவில் வைக்கிறது. எந்த எண் எந்தப் பாதை என்ற அட்டவணை ஓஎஸ்2சிஸ்.ஐஎன்ஐயில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நாளில் எடுத்தவை என்றால் எடிட்டர் ஐகானைத் தட்டும்போது சம்பந்தமில்லாத இன்னொரு புரோகிராம் திறக்கும். பாவம், வைரஸ் என்று நினைத்து டிஸ்க்கையே ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு.

ஆக இரண்டு ஐஎன்ஐயும், எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டோடு டெஸ்க்டாப் டைரக்டரியும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஷெல் ஓடும்போது ஐஎன்ஐ ஃபைல்கள் பூட்டப்பட்டிருக்கும், காப்பி கட்டளை எடுபடாது. பூட் ஆகும்போது படிக்கப்படும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் கால்= வரி போட்டு, ஷெல் எழும் முன்பே எக்ஸ்காப்பி என்ற நகல் கட்டளையை ஓடவிடலாம். அதைவிடச் சுலபம், வார்ப் 3 முதல் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் நோட்புக்கில் உள்ள ஆர்கைவ் பக்கம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ஆர்கைவ் உருவாக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு டிக்கை எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடைசிப் படியைத்தான் யாரும் செய்வதில்லை. ஷெல் மூன்று ஆர்கைவ்களைத்தான் வைத்துக்கொள்ளும். டிக் அப்படியே இருந்தால், டெஸ்க்டாப் கெட்டுப்போனதைக் கவனிக்காமல் மூன்று முறை பூட் செய்தாலே போதும், மூன்றும் கெட்ட நகல்களாகிவிடும். மீட்க, பூட் ஆகும்போது திரையின் இடது மேல் மூலையில் ஓஎஸ்/2 என்ற சிறு கட்டம் தெரிந்ததும் ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் பட்டியல் வரும். அதில் எக்ஸ் என்பது இன்ஸ்டால் செய்த அன்றைய டெஸ்க்டாப். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது.

ஷேடோவின் பெயரை மாற்றுவது

மூலத்தின் பெயரும் மாறும். ஷேடோவின் செட்டிங்ஸ் எல்லாமே மூலத்தினுடையவை.

ஷேடோ வைத்த ஃபைலை கமாண்ட் லைனில் நகர்த்துவது

ஷெல்லுக்குள் இழுத்து நகர்த்தினால் ஷேடோ கூடவே போகும். மூவ் கட்டளையால் நகர்த்தினால் ஷேடோ அநாதையாகிவிடும்.

ரெக்ஸ் ஸ்கிரிப்டில் ஆப்ஜெக்ட்ஐடி கொடுக்காமல் விடுவது

ஓஎஸ்/2இன் ஸ்கிரிப்ட் மொழியான ரெக்ஸில் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் சிஸ்கிரியேட்ஆப்ஜெக்ட் ஃபங்ஷனின் செட்டப் வரியில் கோண அடைப்புக்குறிக்குள் ஒரு ஆப்ஜெக்ட்ஐடி (ஆப்ஜெக்ட்டின் அடையாளப் பெயர்) கொடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அதை அழிக்கும் சிஸ்டெஸ்ட்ராய்ஆப்ஜெக்ட்டுக்குக் காட்ட ஒரு பிடி இருக்காது. கடைசி ஆப்ஷனில் ‘ஆர்’ போடும் பழக்கத்தையும் விடுங்கள். அது பழையதை அழித்துப் புதிதாக உருவாக்குவதால், பயனர் மாற்றிவைத்த ஐகானும் செட்டிங்கும் போய்விடும். அப்டேட்டுக்கு ‘யூ’ போதும்.

ஷட்டவுன் செய்யாமல் பவரை அணைப்பது

வேண்டாம்.

கிளாஸின் டிஎல்எல்லை நேராக அழிக்கப் பார்ப்பது

கிளாஸின் நிரல் இருக்கும் ஃபைல்தான் டிஎல்எல். ஷெல் பிடித்து வைத்திருக்கும்வரை அது அழியாது. அந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்டுகளை முதலில் அழியுங்கள், பிறகு கிளாஸின் பதிவை நீக்கும் சிஸ்டீரெஜிஸ்டர்ஆப்ஜெக்ட்கிளாஸ், பிறகு ரீபூட், டிஎல்எல் கடைசியில்.