ஐப்பசி, கார்த்திகையில் காட்டருவிக்கு நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றாலத்துக்கு ஆனி, ஆடி என்றால், கிழக்குப் பார்த்த மலைச்சரிவுகளுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பழனி மலை, சிறுமலை, கொல்லிமலைப் பக்கமெல்லாம் பெயரில்லாத சின்ன அருவிகள் உயிர் பெறும். கோடையில் வெறும் ஈரக்கறையாக இருந்த பாறையில் வெள்ளைக் கோடு விழும். பாதையோரப் புதரில் செங்காந்தள் பூத்திருக்கும். காட்டுக்குள் நடக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனால் இது மழைக்காலம் என்பதையே மறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் மேலானது, தலைக்கு மேலே தெரியும் வானத்தை நம்புவது. பெரியகுளம் பக்கத்திலுள்ள கும்பக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அருவி இருப்பது மலையடிவாரத்தில். அங்கே வந்து விழும் தண்ணீரோ சுமார் 7,000 அடி உயரத்திலிருக்கும் கொடைக்கானல் பக்கத்து மழை. மேலே கொட்டித் தீர்க்கும்போது கீழே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வனத்துறை குளிக்கத் தடை போட்டால், "மழையே இல்லையே, ஏன் விடமாட்டேங்கிறீங்க?" என்று வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள். தடை போடுபவர்கள் கணக்கில் எடுப்பது மேலே பெய்யும் மழையை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடியில் பெருகி வந்த வெள்ளம் 17 வயது மாணவனை அடித்துக்கொண்டு போனது. அது கோடைமழை. பருவமழை மாதங்களில் மண் ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருப்பதால், பெய்வதில் பெரும்பங்கு நேராக ஓடைக்குத்தான் வரும்.

வெள்ளம் பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. முதலில் சருகும் குச்சியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வரும். தெளிந்திருந்த நீர் லேசாகச் செம்மண் நிறத்துக்குத் திரும்பும். அருவியின் சத்தம் கனக்கும். நீர் திடீரென்று குறைந்தாலும் சந்தேகப்படுங்கள், மேலே எங்காவது மரமோ கல்லோ சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் பை, செருப்பு, போன் எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும்.

போகும்போது கணுக்கால் அளவில் கடந்த ஓடை, திரும்பும்போது தொடை அளவுக்கு ஏறியிருக்கும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கையைக் கோத்துக்கிட்டுத் தாண்டிடலாம்" என்று இறங்குவதுதான் பல மரணங்களின் தொடக்கம். வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். மேட்டில் உட்கார்ந்து காத்திருங்கள். சின்ன ஓடைகள் ஏறிய வேகத்திலேயே வடியவும் செய்யும், மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரம்தான். அந்தக் காத்திருப்புக்காகவே பையில் கொஞ்சம் சாப்பாடும் ஒரு உலர்ந்த துணியும் கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்தது நேரம். நவம்பரில் ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது, ஆனால் கிழக்குச் சரிவில் நடப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. மேற்கே மலைமுகடு நிற்பதால் நாலு மணிக்கெல்லாம் வெயில் போய்விடும், மரநிழலில் அதற்கும் முன்பே மங்கிவிடும். இந்தப் பருவத்தின் இடிமழையும் பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம். காலை பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற குழு இந்த இரண்டிலும் மாட்டும். விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். பன்னிரண்டு மணி ஆனால், அருவி எட்டினாலும் எட்டாவிட்டாலும் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அருவியின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு அந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது.

பாறை வழுக்குவது அருவியின் அடியில் மட்டுமல்ல. அங்கே எல்லோரும் பார்த்துத்தான் கால் வைக்கிறார்கள். விழுவது அதற்கு முந்தைய கடைசி ஐம்பது அடியில், போட்டோ எடுக்க நல்ல இடம் தேடும்போது. சாரல் படும் கரும்பாறையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாசி படர்ந்திருக்கும். குனிந்து பார்த்தால் செங்குத்தான ஈரப்பாறையில் நீண்ட வாலோடு குட்டித் தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டு அந்தப் பாசியைச் சுரண்டித் தின்பதைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் ஒரு தவளை இனத்தின் குஞ்சுகள் அவை, குளத்தில் அல்லாமல் ஈரப்பாறையிலேயே வளர்பவை. அவை மேயும் இடத்தில் உங்கள் ஷூ நிற்காது. இந்த உயிர்களுக்காகவே இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: ஓடையில் சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம். கூட வரும் ஊர்க்காரர் ரப்பர் செருப்போடு தாவிப் போகிறாரே என்று நீங்களும் முயலாதீர்கள். அவர் கால் சிறுவயது முதல் அந்தப் பாறையில் பழகியது.

அருவி விழும் குழியில் குதிப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நுரை பொங்கும் வெள்ளைத் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் அது உடம்பைத் தாங்காது, நன்றாக நீந்துபவரும் மூழ்குவார். போன வருஷம் ஆழமாக இருந்த குழியில் இந்த வருஷ வெள்ளம் மரத்தடியைக் கொண்டுவந்து செருகியிருக்கலாம்.

யூடியூபில் பார்த்த பாதையை நம்பி அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவதும் பெருகிவருகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இணையவழி முன்பதிவோடு திறக்கப்பட்டன, வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வருகிறார்கள். வழிகாட்டி வழி சொல்ல மட்டும் வருபவர் அல்லர். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் தெரியாதபோது யானையின் வாடையை, மூங்கில் முறியும் ஒலியை அவர்தான் முதலில் பிடிப்பார். அவர் "இன்னைக்கு வேணாம்" என்றால் திரும்பிவிடுங்கள், பணம் கட்டியதைச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பதும் வேண்டாம்.

அட்டையைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை. தீக்குச்சியால் சுடாமல், உப்பைக் கொட்டாமல், அது கவ்வியிருக்கும் இடத்தில் நகத்தைச் செருகி நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வடியும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்மையில் பயப்பட வேண்டியது, கடித்ததே தெரியாத வேறொரு பூச்சிக்கு. புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிக் குஞ்சுகள் கடித்து வருவது 'ஸ்க்ரப் டைபஸ்' என்னும் உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் இது மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் கூடுகிறது. புல்லில் நேரடியாக உட்காராதீர்கள், கழற்றிய சட்டையைப் புதர்மேல் போடாதீர்கள், வீடு திரும்பியதும் குளித்து உடைகளை வெந்நீரில் அலசுங்கள். கடித்து ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வரும், அதற்குள் காட்டுக்குப் போனதே மறந்திருக்கும். டெங்குவும் இதே காலத்தில் பரவுவதால் மருத்துவரின் கவனம் அந்தப் பக்கமே போகலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வருவதுண்டு. ஆகவே "இரண்டு வாரத்துக்கு முன்னே காட்டுக்குப் போயிருந்தேன், டாக்டர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கிவிடும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.