ஃபார்மேட் போட்டபின் திறக்காத கோப்புகள்: விண்டோஸ் இ.எஃப்.எஸ். சாவியைத் தேடி எடுப்பது எப்படி?

விண்டோஸைப் புதிதாக ஏற்றியாயிற்று. டி டிரைவில் படங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் ஐகானிலும் ஒரு குட்டிப் பூட்டு. திறந்தால் 'ஆக்சஸ் டினைட்'. நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் இதைச் சரிசெய்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினை இதுதானா என்று பாருங்கள். கோப்பில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. 'என்க்ரிப்ட் கன்டென்ட்ஸ்' என்பதில் டிக் இருந்தால் இது இ.எஃப்.எஸ். (என்க்ரிப்டிங் ஃபைல் சிஸ்டம்). கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்டும், விண்டோஸ் 2000 முதல் இருக்கும் வசதி. டிரைவ் முழுவதும் பூட்டிக்கொண்டு 48 இலக்க எண் கேட்கிறதா? அது பிட்லாக்கர், வேறு கதை. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் பலர் 'டேக் ஓனர்ஷிப்' போடச் சொல்வார்கள். வீண் வேலை. அது அனுமதியைத்தான் மாற்றும், பூட்டைத் திறக்காது. பழைய பெயர், பழைய பாஸ்வேர்டிலேயே புதுக் கணக்கு தொடங்கினாலும் திறக்காது. திறக்கும் சாவி பழைய விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. அந்தச் சாவியையும் பழைய பாஸ்வேர்ட்தான் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

படி 1: சி டிரைவில் இனி எதையும் இறக்காதீர்கள், பழைய சாவி இருந்த இடத்தின் மேல் புதுக் கோப்பு எழுதப்பட்டுவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புது எஸ்.எஸ்.டி. போட்டவர்களுக்கு வேலை சுலபம்: பழைய டிஸ்க்கையே மாட்டி பூட் செய்து, பூட்டிய கோப்புகளில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். முடிந்தது.

படி 2: ஃபார்மேட் செய்யாமல் மேலேயே ஏற்றியிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்று பழைய விண்டோஸின் ஃபோல்டர் இருக்கும். உடனே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சில நாளில் விண்டோஸே அதை அழித்துவிடக்கூடும். சி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டவர்கள் நேரே படி 5-க்குப் போங்கள்.

படி 3: பெரும்பாலானவர்கள் கைவிடுவது இங்கேதான். நகலில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போங்கள். வேண்டியவை மூன்று ஃபோல்டர்கள்: கிரிப்டோ, ப்ரொடெக்ட், சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ். ப்ரொடெக்டைத் திறந்தால் காலியாகத் தெரியும். 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தாலும் காலிதான். போச்சு என்று மூடிவிடாதீர்கள். உள்ளே இருப்பவை சிஸ்டம் கோப்புகள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ பகுதியில் 'ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். விண்டோஸ் ஒருமுறை மிரட்டும், 'யெஸ்' கொடுங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான பெயரில் ஃபோல்டர் எட்டிப் பார்க்கும்.

படி 4: சரியான சாவிதானா? பூட்டிய கோப்பின் அட்வான்ஸ்டு பகுதியில் 'டீட்டெயில்ஸ்' அழுத்தினால் ஒரு தம்ப்பிரிண்ட் (சாவியோடு சேர்ந்த சர்ட்டிஃபிகேட்டின் அடையாள எண்) தெரியும், 40 எழுத்து. சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸில் மை, சர்ட்டிஃபிகேட்ஸ் என்று போனால் கோப்பின் பெயரே அந்த 40 எழுத்தாக இருக்கும். இரண்டும் பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 5: என் தேர்வு எல்காம்சாஃப்டின் 'அட்வான்ஸ்டு இ.எஃப்.எஸ். டேட்டா ரெகவரி'. டிஸ்க்கில் சாவிகளைத் தேடி, பழைய பாஸ்வேர்ட் கேட்டு, கோப்பைத் திறக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஆனால் முதலில் சோதனைப் பதிப்பில் சாவி சிக்குகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இலவசமாக வேண்டுமென்றால், விண்டோஸின் பாஸ்வேர்ட், சாவிகளை வெளியே எடுக்கும் மிமிகேட்ஸ் என்ற கருவி உண்டு. கறுப்புத் திரையில் நிறைய தட்ட வேண்டும், ஆன்டிவைரஸும் கூச்சல் போடும். புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பாஸ்வேர்ட் மறந்துபோனவர்களுக்கு இரண்டுமே பெரிதாக உதவாது.

திறந்ததும் எல்லாவற்றிலும் என்க்ரிப்ட் டிக்கை எடுங்கள். பூட்டு வேண்டும் என்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் ஃபைல் என்க்ரிப்ஷன் சர்ட்டிஃபிகேட்ஸ்' வழியாகச் சாவியை பி.எஃப்.எக்ஸ். கோப்பாக எடுத்து பென்டிரைவில் வையுங்கள். நான் வெராகிரிப்ட் என்ற தனிப் பூட்டு மென்பொருள் பக்கம் போய்விட்டேன். பாஸ்வேர்ட் நினைவிருந்தால் போதும், அந்த மென்பொருள் இருக்கும் எந்தக் கணினியிலும் திறக்கும்.

பின்சேர்க்கை: விண்டோஸை மாற்றவே இல்லை, பாஸ்வேர்டை மட்டும் யூ.எஸ்.பி. கருவியால் ரீசெட் செய்தேன், அதற்கும் பூட்டிக்கொண்டதே என்று இரண்டு பேர் கேட்டார்கள். லோக்கல் கணக்கில் அப்படித்தான் ஆகும். பழைய பாஸ்வேர்ட் நினைவிருந்தால் அதையே திரும்ப வையுங்கள், கோப்புகள் திறந்துவிடும்.