இயங்குதள அடிப்படைகளைக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்குதளப் பாடத்தை முதன்முறையாகப் படிப்பவர்களில் பலர் அதை வரையறைகளின் தொகுப்பாகவே படித்து முடித்துவிடுகிறார்கள். பிராசஸ் (இயக்கத்தில் உள்ள நிரல்) என்றால் என்ன, டெட்லாக் (பிராசஸ்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து முடங்குவது) ஏற்படுவதற்கான நான்கு நிபந்தனைகள் யாவை என்று கேட்டால் உடனே விடை வருகிறது. ஆனால், தம் கணினியில் இந்த நொடியில் இருக்கும் பிராசஸ்களில் பெரும்பாலானவை ஏன் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்று கேட்டால் தயக்கம் வந்துவிடுகிறது. ஓடும் கணினியைப் பார்க்காமலேயே இப்பாடத்தைப் படிப்பதுதான் அடிப்படைத் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறப்பவை. லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பதாலும், அதன் உள்நிலையைக் காட்டும் கட்டளைகள் அதிலேயே இருப்பதாலும், இங்கே எடுத்துக்காட்டுகளை லினக்ஸிலிருந்தே தருகிறேன்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் என்பது பின்னணியில் ஓயாமல் ஓடி மற்ற நிரல்களைக் கண்காணிக்கும் இன்னொரு நிரல் என்று எண்ணுவது மிகப் பரவலான பிழை. ஒரு பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோரில் (செயலியில் நிரலை ஓட்டும் அலகில்) கெர்னல் ஓடுவதில்லை. நிரல் சிஸ்டம் கால் (கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு) செய்யும்போதோ, வன்பொருளிலிருந்து இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) வரும்போதோ, நிரலின் செயலால் ஃபால்ட் (கெர்னல் தலையிட வேண்டிய நிலை) எழும்போதோதான் கட்டுப்பாடு கெர்னலின் கைக்குப் போகிறது. முடிவில்லாத லூப்பில் சிக்கிய நிரலிடமிருந்தும் கோரைத் திரும்பப் பெற முடிவது டைமர் இன்டரப்ட் இருப்பதால்தான். இது தெளிவானால் மற்றொரு குழப்பமும் தீரும்: சிஸ்டம் கால் நடந்த ஒவ்வொரு முறையும் பிராசஸ் மாறிவிடுவதில்லை, பல நேரங்களில் அதே பிராசஸ் கெர்னல் நிலைக்குச் சென்று வேலையை முடித்துத் திரும்புகிறது. ‘ஸ்ட்ரேஸ்’ கட்டளையின் துணையோடு ஒரு சிறிய நிரலை ஓட்டிப் பார்த்தால், அது கெர்னலிடம் எதையெல்லாம், எந்த வரிசையில் கேட்கிறது என்பது வரிவரியாகத் தெரியும்.

நினைவகத்தைப் பற்றிய பகுதியில்தான் தவறான புரிதல்கள் மிகுதி. நிரல் அச்சிடும் முகவரியை ரேமில் உள்ள உண்மையான இடம் என்று பலர் நம்புகிறார்கள். இதைச் சோதிக்க, ஒரு மாறியை அறிவித்து, ‘ஃபோர்க்’ செய்து (ஓடும் பிராசஸின் நகலாகச் சேய் பிராசஸை உருவாக்கி), சேய் பிராசஸில் மட்டும் அதன் மதிப்பை மாற்றி, இரண்டு பிராசஸ்களிலும் முகவரியையும் மதிப்பையும் அச்சிட வேண்டும். முகவரி ஒன்றாகவே இருக்கும், மதிப்புகள் வேறாக இருக்கும். மெய்நிகர் முகவரி (ரேமின் உண்மை இடமாக இல்லாமல், ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனியாகப் பொருள்படும் முகவரி) என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன். ஃபோர்க் நடந்தவுடன் பக்கங்கள் (நினைவகத்தின் சம அளவுத் துண்டுகள்) நகலெடுக்கப்படுவதில்லை. இருவரும் அதே பக்கங்களைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் எழுத முயலும்போதுதான் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிப் பிரதி உருவாகிறது.

‘பேஜ் ஃபால்ட்’ என்ற பெயரைக் கேட்டு அதைப் பிழை என்று கருதுவதும் இதோடு சேர்ந்ததே. ஒரு நிரல் 1 ஜிபி நினைவகம் கேட்டுப் பெற்ற பிறகும், ‘டாப்’ கட்டளை காட்டும் உண்மைப் பயன்பாடு பெரும்பாலும் அசைவதே இல்லை. நிரல் ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முதலில் தொடும்போது பேஜ் ஃபால்ட் எழுகிறது. அப்போதுதான் கெர்னல் அந்தப் பக்கத்துக்கு, வழக்கமாக 4096 பைட் அளவில், ரேமில் இடம் ஒதுக்குகிறது. ஆகவே பேஜ் ஃபால்ட் அன்றாட வேலையின் ஒரு பகுதி. அதேபோல, ‘ஃப்ரீ’ கட்டளையில் காலியாக உள்ள நினைவகம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. படித்த கோப்புகளைக் கெர்னல் ரேமிலேயே வைத்திருக்கிறது, தேவை வந்தால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறது. பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ என்ற நெடுவரிசையை.

தேர்வுக்கான கணக்குகளைப் போட்டுவிட்டால் ஷெட்யூலிங் (அடுத்து எந்தப் பிராசஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது) புரிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. சராசரிக் காத்திருப்பு நேரம் காணும் கணக்குகளில் ஒவ்வொரு பிராசஸுக்கும் எவ்வளவு நேரம் தேவை என்பது முன்பே தரப்பட்டிருக்கும். உண்மையான ஷெட்யூலருக்கு அந்தத் தகவல் கிடைப்பதில்லை. லினக்ஸில் 2007 முதல் இருந்த சிஎஃப்எஸ் முறையும், 2023-இல் 6.6 பதிப்பில் அதன் இடத்துக்கு வந்த ஈஈவிடிஎஃப் முறையும், இதுவரை யார் எவ்வளவு நேரம் பெற்றார்கள் என்பதைக் கணக்கில் வைத்தே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கின்றன. டெட்லாக்கைத் தவிர்க்கக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா வகுத்த பேங்கர்ஸ் அல்காரிதமும் இப்படித்தான்: ஒவ்வொரு பிராசஸும் தன் அதிகபட்சத் தேவையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதால், நாம் அன்றாடம் பயன்படுத்தும் இயங்குதளங்கள் அதைக் கையாள்வதில்லை, பூட்டுகளை (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கையாள வைக்கும் ஏற்பாடுகளை) எப்போதும் ஒரே வரிசையில் பெறுவது போன்ற ஒழுங்குகளால்தான் அவற்றை எழுதுபவர்கள் டெட்லாக்கைத் தவிர்க்கிறார்கள். மாணவர்கள் கணக்குகளைப் போடட்டும், அவற்றின் அனுமானங்களையும் கேட்கட்டும்.

ஒருமுறை ஓடிச் சரியான விடை தந்தது என்பதால் பல திரெட்களை (ஒரே பிராசஸுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்து ஓடும் தனித்தனிச் செயல்தொடர்களை) கொண்ட நிரல் சரியானது என்று முடிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பொதுவான ஓர் எண்ணியை இரண்டு திரெட்கள் பூட்டில்லாமல் தலா 10 லட்சம் முறை ஒன்று கூட்டினால், விடை 20 லட்சத்துக்குக் குறைவாக, ஓட்டும்போதெல்லாம் வெவ்வேறாக வரக்கூடும். மதிப்பை எடுத்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் ஆகிய மூன்று படிகளுக்கிடையே மற்ற திரெட் நுழைந்துவிடுவதே காரணம். கம்பைலரின் மேம்படுத்தலை இயக்கினால் அந்த லூப் முழுவதும் ஒரே கூட்டலாகச் சுருங்கி, விடை சரியாகவே வந்துவிடலாம். பிழையோ அப்படியே உள்ளே இருக்கும். ஒரே கோர் உள்ள கணினியில் இது நேராது என்பதும் சரியன்று. படிகளின் நடுவே டைமர் இன்டரப்ட் வந்து திரெட் மாறினாலே போதும்.

இத்தகைய பிழைகள் சோதனைகளைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் சான்று. குறைந்த முன்னுரிமை கொண்ட ஒரு பணி பூட்டை வைத்திருந்தபோது நடுத்தர முன்னுரிமைப் பணிகள் குறுக்கிட, பூட்டுக்காகக் காத்திருந்த உயர் முன்னுரிமைப் பணி தாமதமாகி, கணினி மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கடத்தும் வசதி அதன் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் இருந்தும் அந்தப் பூட்டுக்கு அது இயக்கப்படாமல் இருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள்.

கோப்பில் எழுதும் சிஸ்டம் கால் வெற்றியுடன் திரும்பினால் தரவு வட்டுக்குப் போய்விட்டது என்று கொள்வதும் தவறு. பெரும்பாலும் அது ரேமில் உள்ள தற்காலிகச் சேமிப்பில்தான் இருக்கும். மின்சாரம் போனாலும் தரவு நிலைக்க வேண்டுமானால் ‘எஃப்சிங்க்’ செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் மூலநிரலிலேயே பார்க்க விரும்புபவர்கள், ஆர்வ மிகுதியால் நேரடியாக லினக்ஸ் கெர்னலைத் திறந்து, கோடிக்கணக்கான வரிகளில் திசை தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன், எம்ஐடியில் கற்பித்தலுக்காக 2006-இல் உருவாக்கிய எக்ஸ்வி6-ஐ எடுத்துக்கொள்ளலாம். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் பின்பற்றிய அதன் கெர்னல் சில ஆயிரம் வரிகளே கொண்டது. ஒரு கணினியை மென்பொருளாகவே உருவகப்படுத்தும் கியூஎமு எமுலேட்டரில் ஓடுவதால் தனிக் கணினியும் தேவையில்லை. அதில் சொந்தமாக ஒரு சிஸ்டம் காலைச் சேர்த்து, அது பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் சென்று திரும்பும் பாதையை டீபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்தி ஆராய உதவும் கருவியில்) ஒவ்வொரு படியாகப் பின்தொடர்வது, முதல் பயிற்சிக்குப் போதுமானது.