குழந்தைக்கு ஃப்ளூரைடு வார்னிஷ் பூச அழைத்து வரும் முன்

காங்கேயத்தில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறேன். சொத்தையைத் தடுக்கப் பல்லின் மேல் தடவும் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசலாம் என்றதும் தாய்மார்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்கள் தோட்டத்து போர் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு இருக்கிறதாமே, அதற்கு மேலும் எதற்குங்க?"

நியாயமான கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரால் பல் கறைபட்ட பிள்ளைகள் ஏராளம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அதை மனத்தில் வைத்தே வந்தது. ஆனால் அந்தக் கறை, பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஃப்ளூரைடு அளவுக்கு மீறி நாள்தோறும் வயிற்றுக்குள் போவதால் வருவது. வார்னிஷ் பல்லின் மேலே ஒட்டிக்கொண்டு, அமிலம் அரித்த இடத்தில் தாது மறுபடி படிய உதவுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சில சொட்டுதான். பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

அதனால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ஆர்.ஓ. குறைக்கும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் குழந்தைக்கு அதையே கொடுங்கள்.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக்கோடு தெரிந்தால் சொத்தை தொடங்குகிறது. திருப்பிவிடக் கூடிய கட்டம் இது, அன்றே வாருங்கள். குழி விழுந்தபின் வார்னிஷ் அதை அடைக்காது. இரவில் கருப்பட்டிப் பால் பாட்டிலோடு தூங்க வைப்பதை எப்படியாவது நிறுத்துங்கள். கருப்பட்டி உடம்புக்கு நல்லதாயிற்றே என்பார் அம்மாயி. பல்லைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான்.

வரும்போது சாப்பிட வைத்து, பல் துலக்கி அழைத்து வாருங்கள். வாயில் புண் இருந்தால் ஆறட்டும். ஆஸ்துமா இருந்தாலும், ஒட்டுப் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முன்பே சொல்லுங்கள். பல வார்னிஷ்களில் பைன் மரப் பிசின் உண்டு, அது அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தாயும் நானும் முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்வோம். தாயின் இடுப்பைச் சுற்றிக் கால்போட்டு உட்கார்ந்த குழந்தையை அப்படியே பின்னால் சாய்த்துத் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன். "கண்ணு, அம்மாவைப் பார்" என்று சொல்லிக்கொண்டே மெல்லிய துணியால் எச்சிலை ஒற்றி எடுத்து, சின்னத் தூரிகையால் பல் பல்லாகத் தடவுவேன். எச்சில் பட்டதும் இறுகிவிடும். ஓரிரு நிமிடம். அழுதால் பதறாதீர்கள், வலியால் அல்ல, படுக்க வைத்த கோபத்தால்.

அன்றைக்கு முறுக்கும் சூடான பாலும் வேண்டாம். ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம் போதும். இரவு பல் துலக்காதீர்கள். பல் மஞ்சளாகத் தெரிந்தால் காலையில் துலக்கும்போது போய்விடும்.

வீட்டில் ஃப்ளூரைடு பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. நீங்களே எடுத்து வையுங்கள், துப்பப் பழக்குங்கள். விளம்பரத்தில் வருவதுபோல் தூரிகை நிறையப் பிதுக்கினால் பாதி வயிற்றுக்குத்தான் போகும்.

ஆறு வயதில் கட்டாயம் மறுபடி வாருங்கள். எந்தப் பல்லும் விழாமலேயே கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். இந்த நிரந்தரப் பல்லின் பள்ளங்கள் ஆழமானவை. அங்கே வார்னிஷோடு, பள்ளத்தை மூடும் பூச்சான சீலண்டும் வைக்கலாமா என்று கேளுங்கள்.